இழுப்பறையில் உறங்கிய நூல்

மழை ஓய்ந்த மறுநாள் கொல்லையில் முளைக்கும் நாய்க்குடையைக் காலால் தட்டிவிட்டுப் போவது நமது வழக்கம். அதற்கே இருபது வருஷங்களை அர்ப்பணம் செய்த மாதரசி ஒருவரின் சரித்திரத்தை நேயர்கள் அறிவது நலம்.

அமெரிக்காவில், மேரிலாந்து மாகாணத்தில், 1822-ல் பிறந்தவர் மேரி எலிஸபெத் பானிங். தகப்பனார் காலமான பின், நோயுற்ற தாயாரையும் சகோதரியையும் பராமரிக்கும் பாரம் அவர்மீது விழுந்தது. கிடைத்த பொழுதில் காடுகளில் காளான் தேடினார். கண்டவற்றை வர்ணப் படங்களாகத் தீட்டினார். ஊரார் நகைத்தனர். 1868-ல் தொடங்கிய வேலை 1888-ல் முடிந்தது. 175 இனங்கள், அவற்றில் 23 அன்றைய சாஸ்திர உலகம் அறியாதவை!

கடித வாயிலாக அவருக்குத் துணை நின்றவர் நியூயார்க் ராஜ்யத்தின் தாவர சாஸ்திரி சார்லஸ் பெக். ஒரு காளானுக்குப் பானிங்கின் பெயரையே அவர் சூட்டினார். அவருக்கே நூலைச் சமர்ப்பித்து, 1890-ல் கையெழுத்துப் பிரதியை ஆல்பனி நகருக்கு அனுப்பினார் அம்மையார். அது அச்சேறவில்லை. 1903-ல் அவர் காலமானார். பொருட்காட்சிசாலையின் இழுப்பறையில் கிடந்த பிரதி 1981-ல்தான் ஜனங்களின் பார்வைக்கு வந்தது. இருளிலே இருந்ததால் வர்ணம் மங்கவில்லையாம்!

பெயர் சூட்டியதோடு நில்லாமல் பிரசுரத்துக்கும் வழி தேடியிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றுகிறது. வீட்டுப் பெண்கள் எழுதி மடித்து வைத்திருக்கும் காகிதங்களை, அவர்கள் இருக்கும்போதே பிரித்துப் பார்ப்போமாக.