விஞ்ஞானம் பிச்சைப் பொருளா?

பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆர்வம் ஊட்டுகிறார்களாம், கம்பெனி முதலாளிமார்கள்! கண்காட்சிப் பந்தலெங்கும் அவர்கள் பெயர்ப் பலகை.

தோழர்களே, இது தர்மமல்ல; கடமை. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 100-க்கு 2 ரூபாய் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்பது 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். அந்த லாபம் நம் உழைப்பில் விளைந்தது.

2019-ல் சர்க்கார் என்ன செய்தது? இதர சலுகைகளைக் கைவிடும் கம்பெனிகளுக்கு வரியை 100-க்கு 30-லிருந்து 22 ஆக வெட்டியது. வரி விகிதத்தில் குறைந்தது 8. தர்மமென்று வருவது 2!

கல்விக்குத் தேச வருமானத்தில் 100-க்கு 6 ஒதுக்கும்படி 1966-ல் கோத்தாரி கமிஷன் சொன்னது. இன்றும் எட்டவில்லை.

ஆலைத் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் விஞ்ஞானம் கற்க எவர் தயவும் வேண்டாம். முதலாளிகளிடம் வரியை வாங்கு! சர்க்கார் பள்ளிதோறும் சோதனைச்சாலை கட்டு! இதுவே நம் கோரிக்கை.