தலைமையாசிரியருக்கு ஐந்து ஆண்டு கொடுங்கள்

மாண்புமிகு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர் ஒரே பள்ளியில் குறைந்தது ஐந்து ஆண்டு இருக்க வழி செய்ய வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும் வரை ஒரே தலைமையாசிரியரின் கண்ணில் வளர வேண்டும். பணிமூப்பில் பதவி உயர்வு வரும்போதே பலருக்கு ஓய்வுக்குச் சில ஆண்டுகள்தான் மிச்சம். அதிலும் இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊருக்குப் பக்கமாக நகர்ந்துவிட்டால், ஊர் அவரை அறிவதற்குள் அவர் போய்விடுகிறார்.

அவகாசம் கிடைத்தால் ஒரு நிர்வாகி என்ன செய்ய முடியும் என்பதற்கு நெ.து.சுந்தரவடிவேலுவின் வாழ்க்கையே சான்று. 1954இல் பொதுக்கல்வி இயக்குநரான அவருக்குக் காமராஜர் ஆட்சி கொடுத்த பெரிய வசதி பணமல்ல, கால அவகாசம். அப்போது கஜானாவில் பணம் ஏது? 1956இல் மதிய உணவு, 1958 முதல் ஊரார் கைக்காசில் வகுப்பறையும் பெஞ்சும் சேர்த்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், சீருடை என்று ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் எழுந்தது. அவரை ஈராண்டில் மாற்றியிருந்தால் முதல் கல்லோடு நின்றிருக்கும். மதுரையிலேயே பார்க்கலாம்: கேப்ரன் ஹால் பெண்கள் பள்ளியில் பணியாற்றிய கேட்டி வில்காக்ஸ்தான் 1948இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிப்படிப்பை முடித்த பெண் அடுத்து எங்கே போவாள் என்ற கேள்வி, அவளைப் பள்ளியில் பார்த்திருந்தவருக்குத்தான் உறைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

திட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான், காலை உணவுத் திட்டமே 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை கீழ அண்ணாத்தோப்புப் பள்ளியில்தான் தொடங்கியது. நான் முதல்வன், புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாம் நல்லவையே. ஆனால் பின்னிரண்டும் தரும் மாதம் ஆயிரம் ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். அதற்கு முன்பே, உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் முறுக்குக் கம்பெனி வேலைக்கு வெளிமாநிலத்துக்கு ரயில் ஏறிவிட்டால்? முன்பணம் வாங்கிய தகப்பனிடம் திண்ணையில் உட்கார்ந்து பேச, அந்த வீட்டை அறிந்த ஒருவர் வேண்டும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் பதிவேட்டில் அவன் வராத நாள் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெருவில்தான் தெரியும்.

நீண்ட நாள் ஒரே நாற்காலியில் இருந்தால் ஆள் குட்டி ஜமீன்தார் ஆகிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. நன்கொடை வசூல், உள்ளூர்க் கட்சி, சாதிப் பிடிமானம் எல்லாம் நடக்கக்கூடியவை. அதற்கு மருந்து எல்லோரையும் இடம் மாற்றுவதல்ல. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் வழி வந்த பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் பெற்றோர் முன்னிலையில் தணிக்கை வையுங்கள். தவறியவரை மட்டும் மாற்றுங்கள். மூத்த ஆசிரியர் சிலருக்குச் சொந்த ஊர் வாய்ப்பு தள்ளிப்போகும் என்பதும் உண்மை. அந்த இழப்புக்குப் படியும் குடியிருப்பும் கொடுத்து ஈடுகட்டலாம். பிள்ளை இழக்கும் ஆண்டுகளுக்கு ஈடே இல்லை.

இன்னொன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலகத்துக்கு உடனே அனுப்ப வேண்டிய புள்ளிவிவரங்கள் மட்டும் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று புரியவில்லை. தலைமையாசிரியரின் பிற்பகலைத் தின்பது அதுதான். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் முடியாதென்றால் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, மேலூர் ஒன்றியங்களில் மட்டும் ஐந்தாண்டு முறையைச் சோதித்துப் பாருங்கள். அதற்கான அரசாணை அடுத்த கலந்தாய்வுக்கு முன் வர வேண்டும்.

இப்படிக்கு,
மதுரைக் குடிமகன் ஒருவன்