ஆறப் பொறுக்காதவர்களுக்கு

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லையாம். சோற்றுக்குச் சொன்ன பழமொழி. வீட்டில் பியர் தயாரிக்கும் நம் ஊர் இளையர்களுக்கும் அப்படியே பொருந்தும். மால்ட்டைக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் சேர்த்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, ஒன்றிரண்டு வாரம் நொதிக்கும்வரை பொறுத்திருப்பார்கள். போத்தலில் அடைத்து மூடி போட்ட மறுநாளே கை துறுதுறுக்கும்.

இந்தக் கடைசிக் காத்திருப்பு எதற்கு? நுரைக்குத்தான். நொதித்து முடிந்த பியரில் மணமும் போதையும் இருக்கும், துள்ளல் இருக்காது. நொதிக்கும்போது உண்டான கரியமில வாயுவில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். நம் வீட்டு இட்லி மாவைப் பொங்கவைப்பதும் இதே வாயுதான். மாவு கெட்டியாக இருப்பதால் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் போன்ற பியருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

அதனால் போத்தலில் அடைக்கும்முன் லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். பியரில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று மறுபடியும் வாயுவை உண்டாக்கும். 6 கிராம் சர்க்கரையிலிருந்து சுமார் 3 கிராம் வாயு வரும். திறந்துவிட்டால் அது ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். மூடி தடுப்பதால் வேறு வழியின்றிப் பியருக்குள் கரைகிறது. பழைய வித்தைதான் இது. ஒயினில் சர்க்கரை சேர்த்துத் துள்ளவைக்கும் வழக்கத்தைப் பற்றி 1662லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார் கிறிஸ்டோபர் மெரட்.

வேலை முடிய வழக்கமாகச் சொல்லும் கணக்கு இரண்டு வாரம். நம் வெயிலுக்குச் சற்று முன்னதாகவும் முடியலாம். மூன்றாம் நாள் ஒரு போத்தலைத் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பாதீர்கள். வாயு முதலில் போத்தல் கழுத்தின் வெற்றிடத்தில்தான் சேரும். பியருக்குள் கரைய இன்னும் நாளாகும். குளிர்ந்தால் சீக்கிரம் ஆகும் என்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதும் பயன்படாது. குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். பியர் சப்பென்று அப்படியே நின்றுவிடும்.

அடைத்தபின் அவசரப்பட்டால் ஒரு போத்தல்தான் வீண். அடைப்பதிலேயே அவசரப்பட்டால் ஆபத்து. சரியான அளவில் சர்க்கரை சேர்த்த போத்தலுக்குள்ளேயே, நம் அறை வெப்பத்தில், கார் சக்கரத்தில் இருப்பதற்கு நிகரான அழுத்தம் இருக்கும். முதல் நொதிப்பு முடியுமுன் அடைத்தாலும், கண்ணளவில் சர்க்கரையைக் கொட்டினாலும் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கண்ணாடி வெடித்துச் சிதறும். பிள்ளைகள் ஓடியாடும் வீவக வீட்டில் இது விளையாட்டல்ல.

தடுக்கும் வழிகள் எளியவை. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டிய பிறகே அடைக்கவேண்டும். சர்க்கரையைத் தராசில் நிறுக்கவேண்டும். அழகுக்காக விற்கும் மெல்லிய கண்ணாடிப் போத்தல்கள் வேண்டாம். பியருக்கென்றே செய்த தடித்த பழுப்புப் போத்தல்களே ஏற்றவை. அவற்றையும் மூடியுள்ள பெட்டிக்குள், வெளிச்சம் படாத இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

காத்திருக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதே பியரில் கொஞ்சத்தைச் சுத்தமான பிளாஸ்டிக் சோடா போத்தல் ஒன்றில் அடைத்து மற்றவற்றோடு வையுங்கள். தினமும் அதை அழுத்திப் பார்க்கலாம். முதல் நாள் விரலுக்கு நெளிந்து கொடுக்கும். கடையில் வாங்கிய, திறக்காத சோடா போத்தல்போல் கல்லாக இறுகிவிட்டால், கண்ணாடிப் போத்தல்களும் ஏறத்தாழத் தயார். திறக்காமலே நிலவரம் தெரிந்துவிடும். கைக்கும் ஒரு வேலை.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். சிங்கப்பூரில் ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை, சொந்தப் பயனுக்கு மட்டும், உரிமமின்றிப் பியர் தயாரிக்கலாம். தயாரிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும். விற்கக்கூடாது, சாராயம் வடிக்கவும் கூடாது.

இறுகியபின் போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் நிமிர்த்தி வையுங்கள். குளிரில் வாயு நன்றாகக் கரையும். ஈஸ்ட் அடியில் படியும். பிறகு குலுக்காமல், கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, அடி வண்டலைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நாளையும் சேர்த்தே கணக்குப் போட்டு நண்பர்களை அழைப்பது நல்லது.