எந்த நெல்லினம் என்று கேளுங்கள்



1990இலும், மீண்டும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வாகரையையும் படுவான்கரையையும் விட்டு வெளியேறியபோது, உங்களிற் பலர் வீட்டோடு விதைநெல்லையும் இழந்தீர்கள். திரும்பியபின் நிவாரணமாகவோ கடனாகவோ கிடைத்த மூட்டையையே விதைத்தீர்கள். அது என்ன இனம் என்று கேட்கத் தயங்கினீர்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். விதைநெல்லைப் பொறுத்தவரை பார்க்கத்தான் வேண்டும். ஒரு போகத்தின் உழைப்பும் கடனும் அதை நம்பியே இருக்கின்றன.

எரிபந்த நோயை நீங்கள் அறிவீர்கள். இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுப்பகுதி சாம்பல், ஓரம் கபிலம். கதிர்க்கழுத்தைத் தாக்கினால் கதிர் வெளுத்துப் பதராகும். காற்றில் பரவும் பங்கசு ஒன்றே காரணம். பனியும் இரவுக் குளிரும் அளவு மீறிய யூரியாவும் அதற்கு வாய்ப்பளிக்கும். ஆயினும் ஒரே வரம்பின் ஒருபுறம் வேளாண்மை எரிந்துபோக, மறுபுறம் பச்சையாய் நிற்பதும் உண்டு. பெரும்பாலும் இனமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

1958இல் பத்தலகொடையிலிருந்து வெளிவந்த எச்-4, நமது முருங்கக்காயனையும் இந்தோனேசிய மாஸ் இனத்தையும் கலந்து உருவானது. எரிபந்தத்தைத் தாங்கியது அதன் சிறப்புகளுள் ஒன்று.

ஆனால் எந்த இனத்தின் எதிர்ப்புச் சக்தியும் நிரந்தரமன்று. பங்கசும் மாறிக்கொண்டே இருக்கும். வட்டை முழுவதும் ஒரே இனம் நின்றால், அதை வெல்லும் பங்கசு வந்ததும் முழு வட்டையும் ஒன்றாக விழும். மலைநாட்டுக் கோப்பி நல்ல பாடம். தோட்டங்களெங்கும் அரபிக்கா இனமே நின்றது. 1869இல் இலைத்துரு நோய் கண்டது. சுமார் இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் சரிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

எனவே விதைநெல் வழங்கும் நிறுவனங்கள், திருச்சபை நிறுவனங்கள் உட்பட, மூட்டையோடு இனத்தின் பெயரையும் வயதையும் அது எரிபந்தத்தைத் தாங்குமா என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. கொடுப்போரின் கடமை அது.

நீங்களும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நீர்ப்பாய்ச்சலும் அறுவடையும் குழம்பாதபடி ஒரே வயதுடைய இரண்டு மூன்று இனங்களை வட்டைக்குள் பகிர்ந்து விதையுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள். நோய் கண்ட வயலில் விதைநெல் எடுக்காதீர்கள்.

அடுத்த மூட்டை வந்து இறங்கும்போது, வாங்கிக் கையொப்பமிடுமுன் கேளுங்கள்: "இது என்ன இனம்?"