கடல் கைவிட்ட படை

குளச்சலில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முறியடித்ததற்கு அது சாட்சி.

டச்சுக்காரர்களிடம் கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது. குளச்சலில் இறங்கி அரணும் அமைத்தார்கள். பிறகு ஏன் தோற்றார்கள்?

கரையில் இறங்குவது ஒரு நாள் வேலை. இறங்கிய படைக்குச் சோறும் வெடிமருந்தும் கடல் வழியே வந்துகொண்டே இருக்கவேண்டும். ஆடி மாதத்தில் நம் கடல் யாருக்கும் அடங்காது. ஜாவாவிலோ கலகம், படேவியாவிலிருந்து உதவிப்படை வரவில்லை. தரைப்பக்கம் மன்னரின் படை வளைத்தது. டச்சுக்காரர்கள் சரண் அடைந்தார்கள். கைதியான டிலனாய், பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தார்!

1944 ஜூன் 6-ந் தேதி நார்மண்டியில் இறங்கிய நேச நாடுகள் இந்த ஆபத்தை அறிந்திருந்தன. சுமார் 7 ஆயிரம் கப்பல்களும் படகுகளும் துணை நின்றன. செயற்கைத் துறைமுகங்களையே கடலில் இழுத்து வந்தார்கள்.

கரையைக் காக்க, கடலை அறிந்தவர்கள் வேண்டும். அவர்கள் மீனவர்கள். அன்று மன்னருக்கு அவர்கள் துணை நின்றதைக் குளச்சல் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வெற்றித்தூணுக்கு மாலை சூட்டுவோர் அவர்களையும் நினைக்கவேண்டும். பாடப் புத்தகத்திலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.