அஃறிணைக்குப் பாலுண்டோ?

ஆண்பால், பெண்பால் என்னும் பகுப்பு உயர்திணைக்கே உரியது. அஃறிணைக்கு ஒன்றன்பாலும் பலவின்பாலுமே உள. இக்கால வணிகரோ விளையாட்டுப் பொருள்களுக்கும் ஆண், பெண் வகுத்து விற்கின்றனர்.

1992 இல் அமெரிக்காவில் வெளிவந்த பேசும் பார்பிப் பாவைகளுட் சில, கணித வகுப்புக் கடினமெனக் கூறின. கண்டனம் எழவே அவ்வாசகம் நீக்கப்பட்டது. பெருங்கடைகளிற் பாலுக்குப் பொதுவான விளையாட்டுப் பொருட்பகுதியும் இருத்தல் வேண்டுமென்னும் கலிபோர்ணியாச் சட்டம் 2021 இல் இயற்றப்பெற்று 2024 இல் நடைமுறைக்கு வந்தது.

பிள்ளைத்தமிழும் ஆண்மகவுக்குச் சிறுதேரும் பெண்மகவுக்குக் கழங்கும் வகுத்ததன்றோ எனின், உண்மையே. ஆயினும் கழங்கு எண்ணப் பழக்கும். எண் அரிதென்று மிரட்டாது. கணிதத்தில் முந்தும் மாணவியர் பலரை யான் அறிவேன். அவர்தம் தங்கையர்க்குக் கடையில் வாங்கப்படுவன இன்றும் அடுப்பும் அகப்பையுமே.