‘ஆம்’ என்னும் சிறு சொல்



நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தி சென்ற மாதம் நம்மிடம் ஓர் ஐயம் கேட்டாள். “அப்பா நாளை ஊரிலிருந்து வருகிறாராம்” என்பதை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது? பள்ளியில் அவள், ‘அப்பா இஸ் கமிங் டுமாரோ, இட் ஸீம்ஸ்’ என்று சொல்லியிருக்கிறாள். வடநாட்டவரான ஆசிரியை, “உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது?” என்று வினவினாராம். தனக்கு ஒன்றும் தோன்றவில்லையே, தாயார் சொன்னதைத்தானே சொன்னோம் என்று குழந்தை திகைத்து நின்றிருக்கிறாள்.

இது அக்குழந்தை ஒருத்தியின் பிழையன்று. தென்னாட்டவராகிய நம்மில் பலரும் செய்வதுதான். நம் தமிழில் வினையின் ஈற்றில் ‘ஆம்’ என்னும் சிறு சொல்லை ஒட்டிவிட்டால் போதும். ‘வந்தான்’ என்றால் நாம் அறிந்து சொல்வது. ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டது. பாட்டிமார் கதை சொல்லத் தொடங்குவதும் இதைக்கொண்டுதான்: ஒரு ஊரில் ஒரு ராஜாவாம்! பொய்யாயினும் மெய்யாயினும் பாட்டியின்மேல் பழியில்லை. தெலுங்கருக்கு ‘அட’ என்றும், கன்னடியருக்கு ‘அந்தெ’ என்றும், மராட்டியருக்கு ‘ம்ஹணே’ என்றும் இதே வேலையைச் செய்யும் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இவ்வாறு வினையோடு ஒட்டும் சொல் இல்லை. ஆதலால் நம்மவர் ‘இட் ஸீம்ஸ்’ என்பதை எடுத்து அந்த இடத்தில் பொருத்திவிட்டனர். ஆனால் ஆங்கிலேயர் வழக்கில் அதன் பொருள் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதாகும். மேகம் திரண்டிருப்பதைக் கண்டவன், மழை வரும்போல் இருக்கிறது என்று தானே ஊகித்துச் சொல்லும் சொல் அது. கேட்ட செய்தி சொந்தக் கருத்தாக மாறிவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெட்டதை நாமே கண்டிருக்கிறோம். செய்தவரும் நாமே என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பார்சல் அலுவலகத்தில் பணியாற்றி வந்தோம். ஒரு நாள் இறக்கிய கட்டுகளைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது ஒன்று குறைந்தது. உடன் பணிபுரிந்த அன்பர் ஒருவர், சுமை தூக்கும் ஆள் ஒருவன் அதை வெளியே எடுத்துச் சென்றானாம் என்று நம்மிடம் சொன்னார். மேலதிகாரி எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய நாம், தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதினோம்: இன்ன ஆள் கட்டை வெளியே எடுத்துச் சென்றுவிட்டான், ‘இட் ஸீம்ஸ்’.

அதிகாரி அதை நம்முடைய முடிவாகவே எடுத்துக்கொண்டார். அந்த ஆள் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு வேலை செய்தவர். மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டனர். பதினொன்றாம் நாள் அந்தக் கட்டு திரும்பி வந்தது. வண்டியிலிருந்து இறக்கப்படாமலேயே அது அடுத்த சந்திப்பு நிலையம்வரை சென்றிருந்தது. ரயில்வே வழக்கில் ‘ஓவர்கேரி’ என்போமே, அதுதான். பிறகு விசாரித்ததில், நம்மிடம் சொன்ன அன்பரும் எதையும் கண்டவரல்லர், தேநீர்க் கடையில் கேட்டவர் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க நாம் அந்த ஆளின் குடிசைக்குச் சென்றோம். அவர் இந்தியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “பாபுஜி, கண்ணால் பார்த்தீர்களா என்று உங்களை யாராவது கேட்டிருந்தால் போதுமே.” பதினொரு நாள் கூலியை நாம் கொடுக்க முன்வந்தும் அவர் வாங்கவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கென்று நல்ல வழிகள் இருப்பதைப் பின்னரே கற்றோம். முதல் வழி, ‘இட் இஸ் ஸெட் தட்’ என்று தொடங்கிச் செய்தியைத் தொடர்வது. ‘என்று சொல்லப்படுகிறது’ என்பது பொருள். இரண்டாவது, ஆளையே எழுவாயாக வைப்பது: ‘ஹி இஸ் ஸெட் டு பி இன் டெல்லி’ என்றால், அவர் தில்லியில் இருக்கிறாராம். நடந்து முடிந்ததைச் சொல்ல ‘டு ஹாவ்’ சேர்க்க வேண்டும்: ‘ஹி இஸ் ஸெட் டு ஹாவ் லெஃப்ட்’ என்றால், அவர் புறப்பட்டுவிட்டாராம். நம் பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இந்த ‘டு ஹாவ்’ என்னும் இடத்தில்தான்.

‘ஸெட்’ என்பதன் இடத்தில் வேறு சொற்களையும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. ‘ரிப்போர்ட்டட்’ என்றால் எவரோ முறையாகத் தகவல் தந்திருக்கிறார். ‘பிலீவ்ட்’ என்றால் பலர் நம்புகின்றனர். ‘ரூமர்ட்’ என்றால் வெறும் வதந்தி. ‘அலெஜ்ட்’ என்பது குற்றம் சாட்டப்பட்டுள்ளது, இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதைக் காட்டும். நீதிமன்றச் செய்திகளில் இதைக் காணலாம். ‘ஸப்போஸ்ட்’ என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘ஹி இஸ் ஸப்போஸ்ட் டு பி ரிச்’ என்றால் அவர் பணக்காரராம்; ‘ஹி இஸ் ஸப்போஸ்ட் டு கம் அட் நைன்’ என்றாலோ, ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் என்னும் கடமையே பெரும்பாலும் பொருளாகும். இவையெல்லாம் எழுத்துக்கும் அலுவலகத்துக்கும் உரியவை. வீட்டுப் பேச்சுக்கு ‘ஐ ஹியர்’ என்பதே போதும். அச்சிறுமிக்கு நாம் சொன்ன விடை அதனினும் எளியது: ‘அம்மா ஸேஸ்’ என்று தொடங்கு, அம்மா சொல்கிறாள் என்று சொல்லிவிடு.

அந்த விடையில் ஓர் உண்மை இருக்கிறது. ‘சொல்லப்படுகிறது’ என்னும் வாக்கியம் ஒரு வகையில் நேர்மையானது. நான் கண்டதில்லை என்று ஒப்புக்கொள்கிறது. மற்றொரு வகையில் அது ஒரு திரை. சொன்னவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. அன்று நாம் ‘இட் இஸ் ஸெட்’ என்று திருத்தமாக எழுதியிருந்தாலும் பாதிக் கடமைதான் முடிந்திருக்கும். நாம் எதையும் பார்க்கவில்லை, இன்னார் நம்மிடம் இவ்வாறு கூறினார் என்று எழுதியிருந்தால், அதிகாரி அவரை அழைத்துக் கேட்டிருப்பார். தேநீர்க் கடைவரை சென்று செய்தி அங்கேயே கரைந்திருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 60ஆம் பிரிவில் இதையே விதித்தது: கண்ணால் காணத்தக்க செய்தியாயின் கண்டவரே வந்து சாட்சி சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை.

பெரியோரும் இதில் இடறியதுண்டு. 1979 மார்ச்சு மாதம் ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் நோயுற்றிருந்தபோது, அவர் காலமாகிவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையிலேயே அறிவித்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது, நாடு துயரில் ஆழ்ந்தது. ஜெயப்பிரகாஷரோ உயிருடன் இருந்தார்! அவர் பாட்னாவில் மறைந்தது அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள். பிறர் தந்த தகவல் கண்டறிந்த உண்மையின் உடையணிந்து வந்தால், நாட்டின் உயர்ந்த அவையும் ஏமாறும்.

ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, ஊர்ச் செய்தி பெரும்பாலும் ‘ஆம்’ போட்டே வருகிறது. மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம், நிலத்தை விற்றுவிட்டார்களாம், இன்னார் வீட்டுப் பெண் இப்படியாம். கைப்பேசியில் ஒரு கணத்தில் பத்து வீடுகளுக்கு அதை அனுப்பிவிடுகிறோம். அனுப்பும்போது அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. உதிராமல் காப்பது ஒரு கடமை. யார் கண்டது என்று ஒரு முறை கேட்பது அதனினும் பெரிய கடமை.

பிள்ளைகள் இம்மாதம் கேட்ட செய்தி ஐந்தை ஆங்கிலத்தில் எழுதி வரட்டும். ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் யார் என்று தமிழில் எழுதட்டும். விடை தெரியாத செய்தியை அடித்துவிடலாம்.